ஆட்டு மந்தையும் அணையா விளக்கும்

புல்மோட்டையிலிருந்து கடலோரமாகத் திருகோணமலைக்கு வரும் பாதையிலே மாலைப் பொழுதிற் பயணஞ் செய்தவர்களுக்கு ஓர் அனுபவம் வாய்த்திருக்கும். மாட்டுப்பட்டி ஒன்று தெருவை மறித்துக்கொண்டு ஆறுதலாக நடக்கும். பஸ் சாரதி எத்தனை முறை ஒலி எழுப்பினாலும் அவற்றுக்குக் கவலை இல்லை. அண்மையில் அவ்வாறு காத்திருந்தபோது நம் மனம் இங்கிலாந்து தேசத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றுவிட்டது. புல்மோட்டை மாட்டுக்கும் இங்கிலாந்துக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். கோயில் விளக்கே அந்த உறவு.

அந்தச் சிற்றூரின் பெயர் மோர்பாத். டெவன் மாகாணத்தின் வட எல்லையில், மலைச்சாரலில் அமைந்த ஏழை ஊர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வாழ்ந்தவை முப்பத்துச் சொச்சம் குடும்பங்களே. ஊருக்கு நடுவே புனித ஜோர்ஜ் பெயரில் ஒரு தேவாலயம். 1520இல் அங்கு குருவாக வந்த கிறிஸ்டோபர் ட்ரிக்கி என்பவர் 1574இல் இறக்கும்வரை அவ்வூரை விட்டு அகலவில்லை. ஐம்பத்து நான்கு ஆண்டுகள்! அக்காலமெல்லாம் ஆலயத்தின் வரவு செலவுக் கணக்கைத் தம் கையாலேயே எழுதி வைத்தார். அக்கணக்கேடு இன்றும் இருக்கிறது.

அதைப் பற்றிப் படிக்கும்போது நமக்கு வியப்பூட்டுவது ஆடுகளின் கதை. மரியன்னையின் திருவுருவத்துக்கு முன் ஒரு விளக்கு. சிட்வெல் என்னும் புனிதவதிக்கு ஒரு விளக்கு. ஊர்க் கன்னிப் பெண்கள் தாமே பணஞ் சேர்த்து ஏற்றியது ஒன்று. இளைஞர்கள் ஏற்றியது இன்னொன்று. இவற்றுட் சிலவற்றுக்கென ஆடுகள் இருந்தன. அவை தனி மந்தையாக நிற்கவில்லை. ஊரார் ஒவ்வொருவரும் தம் ஆடுகளோடு ஆலயத்து ஆட்டையும் ஒன்றிரண்டாகச் சேர்த்து மேய்த்தனர். கம்பளி விற்ற காசு மெழுகுதிரிக்குச் சென்றது. எந்த ஆடு யார் வீட்டில் நிற்கிறது, எது குட்டி ஈன்றது, எது செத்தது என்பன யாவும் கணக்கில் உண்டு.

நம் பெரியோர் இதைக் கண்டிருந்தால் முகம் மலர்ந்திருப்பர். சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுகளிலே ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடர் அடிக்கடி வரும். சாகாத, மூப்படையாத ஆடு உலகில் ஏது? மந்தையை ஏற்ற இடையர், கிழடாவதற்கும் இறப்பதற்கும் ஈடாகக் குட்டிகளை வைத்து எண்ணிக்கையைக் குறையாமற் காப்பர். நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளப்பர். தஞ்சைப் பெரிய கோயிற் கணக்கின்படி ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு, அல்லது நாற்பத்தெட்டுப் பசு, அல்லது பதினாறு எருமை. மோர்பாத்துக் குரு செத்த ஆட்டையும் எழுதி வைத்தார். நம்மவரோ சாகாத ஆடு என்றே எழுதிவிட்டனர். வழக்கு வேறு, எண்ணம் ஒன்றே.

மோர்பாத்தின் விளக்குகள் நெடுங்காலம் எரியவில்லை. 1538இல் எட்டாம் ஹென்றி மன்னனின் ஆணை திருவுருவங்களுக்கு முன் விளக்கேற்றுவதைத் தடுத்தது. அவன் மகன் ஆட்சியில் ஆலயத்து ஆடுகளும் விலைப்பட்டன. இறந்தோர் வழிபாட்டுக்கெனக் கறுப்பு நிறப் பூசை உடை ஒன்று வாங்க அக்குரு ஏறத்தாழ இருபது ஆண்டு காசு சேர்த்திருந்தார். உடை வந்து சேர்ந்த சிறிது காலத்துக்குள் அதற்குரிய வழிபாடே ஒழிக்கப்பட்டது. 1549இல் புதிய வழிபாட்டு நூலை எதிர்த்து மேற்கு மாகாணங்கள் கிளர்ந்தபோது, அச்சிறிய ஊர் தன் செலவில் ஐந்து இளைஞரை அனுப்பிவைத்தது. கிளர்ச்சி இரத்தத்தில் முடிந்தது. பின்னர் மேரி அரசி காலத்தில், மறைத்து வைத்திருந்த ஆலயப் பொருள்களை ஊரார் ஒவ்வொன்றாகக் கொணர்ந்து கொடுத்தனர். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த பின்பு மண்ணுக்குள் கிடந்த திருமேனிகள் 1950இல் திருகோணமலையில் வெளிவந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிய கதை அன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். திருகோணமலை நகருக்கு வடமேற்கே, பெரியகுளத்துக்கு அண்மையில், காட்டு நடுவே வெல்காம விகாரை என்னும் பழைய பௌத்தப் பள்ளியின் இடிபாடுகள் உள்ளன. சுற்றுப்புறத் தமிழர் அதை ‘நாதனார் கோவில்’ என்று வழங்கினர். 1953இல் தொல்பொருள் திணைக்களத்தார் அங்கே அகழ்ந்தபோது தமிழ்க் கல்வெட்டுகள் பல கிடைத்தன. அவற்றில் அப்பள்ளிக்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்னும் மறுபெயர் காணப்படுகிறது. ஈழத்தின் பெரும்பகுதியைச் சோழர் ஆண்ட 11ஆம் நூற்றாண்டின் எழுத்துகள் அவை. சைவனாகிய சோழன் பெயர், பௌத்தப் பள்ளிக்கு! அவற்றிற் சொல்லப்படுவதோ விளக்குக்கு விட்ட பசுக்களும் எருமைகளும் காசும். யக்கன் என்னும் பெயருடைய ஒருவர் கொடுத்த வெண்கல விளக்கிலும் தமிழ் எழுத்துப் பொறித்திருக்கிறது.

இதை நம் மாணாக்கரிற் பலர் அறியார். அறிந்தாலும், பௌத்தம் அன்றோ, நமக்கென்ன என்று கடந்துவிடுகின்றனர். மறுபுறத்தில், தமிழெழுத்தைக் கண்டும் காணாதவர்போற் செல்வோரும் உளர். இம்மாவட்டத்திலே காட்டுக்குள் ஒரு செங்கல் தென்பட்டால் இது யாருடையது என்னும் வழக்கு உடனே எழுகிறது. குற்றம் ஒரு பக்கத்தது மட்டுமன்று என்பதே நம் கருத்து. வெல்காமத்துக் கொடையாளர் அவ்வாறு வழக்காடியதாகத் தெரியவில்லை. பள்ளியின் பழைய பெயரையும் புதிய பெயரையும் அருகருகே எழுதிவிட்டு, பசுக்களின் எண்ணிக்கையைக் குறித்து வைத்தனர்.

மோர்பாத்து ஆலயம் 19ஆம் நூற்றாண்டில் மிகவும் மாற்றிக் கட்டப்பட்டது. ட்ரிக்கியின் காலத்து உருவங்கள் அங்கில்லை. வெல்காமத்திற் கூரை இல்லை. ஓரிடத்தில் ஏட்டிலும் மற்றோரிடத்திற் கல்லிலுமாகக் கணக்கு மாத்திரம் நிற்கிறது.

புல்மோட்டைப் பக்கத்திலிருந்து பிள்ளைகளுடன் செல்ல விரும்புவோர் விடியற்காலையிற் புறப்படுதல் நன்று. உச்சி வெயிலிற் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கித் தோன்றும். காலைச் சாய்வெயிலில் ஓரளவு தெளிவாகத் தெரியும். சோழர் காலத்துத் தமிழ் எழுத்தின் வரிவடிவ அட்டவணை ஒன்றைக் கையோடு கொண்டுசெல்க. ஓர் எழுத்தை, பின்பு ஒரு சொல்லைத் தாமே கண்டு கூட்டி வாசிக்கப் பிள்ளைகளை விடுங்கள்.