மனித விண்வெளிப் பயணமும் ககன்யான் திட்டமும்

விண்வெளிக்கு மனிதரை அனுப்பி, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவதற்காக இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் (இஸ்ரோ) மேற்கொண்டுள்ள திட்டம் ககன்யான் ஆகும். மூன்று பேர் வரை அமரக்கூடிய கலத்தைப் புவிக்கு மேலே சுமார் 400 கி.மீ. உயரத்தில் மூன்று நாள்கள் வரை சுற்றவிட்டு, பிறகு கடலில் இறக்குவது இதன் நோக்கம். 2018 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டை உரையில் பிரதமர் இதை அறிவித்தபோது, 2022-க்குள் நடந்துவிடும் என்றார். அந்த ஆண்டு எப்போதோ கடந்துவிட்டது. 9,023 கோடி ரூபாயில் தொடங்கிய திட்டம், 2024-இல் விண்வெளி நிலையப் பணிகளையும் சேர்த்து 20,193 கோடியாக விரிவாக்கப்பட்டது.

இந்தத் தாமதத்தைப் பற்றி மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நிலவு 3,84,000 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அங்கே சந்திரயானை இறக்கியவர்களுக்கு 400 கி.மீ. ஒரு தூரமா? போளூரிலிருந்து கன்னியாகுமரி போவதைவிட அது குறைவுதானே?

நியாயமான கேள்வி. ஆனால் இங்கே தூரம் கணக்கில்லை. 2019-இல் சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலம் நிலவில் மோதி நொறுங்கியது. தவறு எங்கே என்று ஆராய்ந்து, 2023-இல் சந்திரயான்-3-ஐ வெற்றிகரமாக இறக்கினோம். இயந்திரத்துக்கு இப்படி இரண்டாவது வாய்ப்பு தரலாம். உள்ளே ஆள் இருந்தால் அது முடியாது. அதனால் ராக்கெட் சரியாக வேலை செய்யும் என்று நிரூபிப்பதோடு, அது கெட்டுப்போனாலும் உள்ளே இருப்பவர் பிழைப்பார் என்றும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவது வேலைதான் ஆண்டுகளை விழுங்குகிறது.

தப்பிக்கும் வழி

1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சோவியத் நாட்டின் சோயுஸ் டி-11 விண்கலத்தில் விண்வெளிக்குச் சென்றது பலருக்கும் தெரியும். அவருடன் பறந்த இருவரில் ஒருவர் கென்னடி ஸ்டிரெகலோவ். அதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் முன்பு, 1983 செப்டம்பர் 26 அன்று, இதே ஸ்டிரெகலோவும் விளாடிமிர் டிட்டோவும் பைக்கனூர் ஏவுதளத்தில் வேறொரு சோயுஸ் கலத்தில் புறப்படக் காத்திருந்தார்கள். ராக்கெட்டின் அடியில் தீப்பற்றியது. அது வெடித்துச் சிதறுவதற்குச் சில விநாடிகள் முன்பு, உச்சியில் பொருத்தப்பட்டிருந்த தப்பிக்கும் அமைப்பு எரிந்து, அவர்கள் இருந்த கலத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு மேலே போயிற்று. சுமார் 4 கி.மீ. தள்ளிப் பாராசூட்டில் இறங்கினார்கள். அடுத்த ஏப்ரலில் அதே மனிதர் அதே ஏவுதளத்திலிருந்து நம் நாட்டவரோடு கிளம்பினார். அந்தத் துணிச்சலைப் பற்றி நம் பாடநூல்களில் ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

ககன்யானுக்கும் அப்படியோர் அமைப்பு உண்டு. 2018 ஜூலை 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தரையிலிருந்தபடியே அதைச் சோதித்தார்கள். 2023 அக்டோபர் 21 அன்று, பறந்துகொண்டிருக்கும் ராக்கெட்டிலிருந்தே மாதிரிக் கலத்தைப் பிரித்து எடுத்துக் காட்டினார்கள். கலம் சுமார் 17 கி.மீ. உயரம் சென்று வங்கக் கடலில் இறங்கியது. கடற்படையினர் மீட்டு வந்தார்கள். அன்று காலை முதல் முயற்சியில், கிளம்ப 5 விநாடி இருக்கும்போது கணினியே ஏவுதலை நிறுத்திவிட்டது. குறையைக் கண்டறிந்து சரிசெய்து, பத்து மணிக்கு ஏவினார்கள்.

திரும்பி வருவதும் ஏறிப் போவதைப் போலவே அபாயமானது. சுற்றுப்பாதையில் கலத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 28,000 கி.மீ. காற்று மண்டலத்துக்குள் நுழைந்ததும் அந்த வேகம் முழுவதும் வெப்பமாக மாறுகிறது. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் உயிரிழந்தது இந்தக் கட்டத்தில்தான். புறப்படும்போது கழன்று விழுந்த நுரைத்துண்டு ஒன்று கொலம்பியாவின் இடது இறக்கையில் துளையிட்டிருந்தது. மேலே இருந்த பதினாறு நாளும் அதனால் தொல்லையில்லை. இறங்கும்போது சூடான வாயு அந்தத் துளை வழியே புகுந்து இறக்கையை அழித்தது.

வெப்பத்தைத் தாண்டியபின் பாராசூட்டின் முறை. ககன்யான் கலத்தில் மொத்தம் 10 பாராசூட்கள். கடைசியாக விரியும் மூன்று பெரியவற்றில் இரண்டு விரிந்தாலே போதும். ஒன்று விரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2022 நவம்பரில் ஜான்சி அருகே பபினாவில், 5 டன் எடையை விமானத்திலிருந்து போட்டுப் பார்த்தார்கள். (ஆரணிப் பக்கத்துக்காரன் என்பதால் ஒன்றைச் சொல்ல ஆசை. பாராசூட்கள் வெகுகாலம் பட்டுத்துணியில்தான் தைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் பட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோதுதான் நைலான் அந்த இடத்தைப் பிடித்தது.)

மகேந்திரகிரியின் பங்கு

இந்த வேலையில் பெரும் பகுதி தமிழ்நாட்டில் நடக்கிறது. ககன்யானைச் சுமக்கப்போகும் எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் திரவ எரிபொருள் எஞ்சின்களும் கிரையோஜெனிக் எஞ்சினும் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில்தான் எரித்துச் சோதிக்கப்படுகின்றன. சந்திரயான்-3-ஐ ஏவியதும் இதே வகை ராக்கெட்தான். ஆனால் ஆள் ஏறுவதற்குத் தகுதியானது என்று சான்று தர, அதை மீண்டும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். குறைந்தபட்சம் 6,350 விநாடிகள் எரிய வேண்டும் என்பது கிரையோஜெனிக் எஞ்சினுக்கு வைத்த அளவுகோல். நான்கு எஞ்சின்களை 39 முறை, வெவ்வேறு சூழல்களில், மொத்தம் 8,810 விநாடிகள் எரித்துப் பார்த்து, 2024 பிப்ரவரியில் அந்தப் பணியை முடித்தார்கள்.

பயிற்சி பெற்ற நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். மற்றவர்கள் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. நால்வரும் விமானப்படை விமானிகள்.

மூச்சுக் காற்று

கலத்துக்குள் ஒருவர் உயிரோடு இருக்க என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டால் ஆக்சிஜன் முதலில் வரும். அதைவிடச் சிக்கலானது நாம் வெளிவிடும் கரியமில வாயு. தரையில் நம் மூச்சுக்காற்று சூடாக இருப்பதால் மேலே எழும்பிக் கலைந்துவிடுகிறது. எடையற்ற நிலையில் மேல், கீழ் என்பதே இல்லை. மின்விசிறி நின்றுபோனால், தூங்குபவரின் முகத்தைச் சுற்றி அவர் விட்ட மூச்சே தேங்கி நிற்கும். அதை அகற்றும் அமைப்பு, ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் காக்கும் அமைப்பு ஆகியவற்றை வெளிநாடுகளிடம் வாங்க இஸ்ரோ முயன்றது. யாரும் தரவில்லை. ஆகவே நாமே உருவாக்க வேண்டியதாயிற்று. தாமதத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

உடல் படும் பாடு

சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று ஆக்சியம்-4 பயணத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். ஜூன் 11 அன்றே கிளம்பியிருக்க வேண்டியது. ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்ததால் ஒத்திவைக்கப்பட்டது. ஜூலை 15 அன்று கலிபோர்னியா கடற்பகுதியில் இறங்கினார். திரும்பிய பிறகு மடிக்கணினியை மூடி, மிதக்கும் என்ற நினைப்பில் கட்டிலருகே காற்றில் விட்டுவிட்டதாக அவரே சொன்னார். நடக்கவும் துணை தேவைப்பட்டது. இருபது நாளில் இப்படி என்றால், மாதக்கணக்கில் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். எடை தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு ஒரு சதவீதம் முதல் ஒன்றரை சதவீதம் வரை அடர்த்தி இழக்கின்றன. நிலையத்தில் இருப்பவர்கள் நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்வது இதனால்தான்.

நிலவுக்கும் செவ்வாய்க்கும்

2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம், 2040-க்குள் நிலவில் இந்தியர் என்பவை அரசு வைத்துள்ள இலக்குகள். நிலையம் அமைக்க, விண்ணில் இரண்டு கலங்களை இணைக்கும் திறமை வேண்டும். அதை 2025 ஜனவரி 16 அன்று ஸ்பேடெக்ஸ் மூலம் செய்துகாட்டினோம். அவ்வாறு செய்த நான்காவது நாடு இந்தியா.

நிலவுக்குப் போவதென்றால் வேறொரு பகை சேர்ந்துகொள்கிறது. 400 கி.மீ. உயரத்தில் புவியின் காந்தப்புலம் கதிர்வீச்சிலிருந்து பெருமளவு காக்கிறது. நிலவில் அந்தக் குடை இல்லை. 1972 ஆகஸ்டில் சூரியனிலிருந்து கடும் துகள் புயல் ஒன்று வீசியது. ஏப்ரலில் அப்பல்லோ-16 போய்வந்திருந்தது. டிசம்பரில்தான் அப்பல்லோ-17 கிளம்பியது. இடையில் வந்ததால் ஆபத்தில்லாமல் போயிற்று. அதற்கு அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு பெயர் தெரியவில்லை.

செவ்வாய் இன்னும் ஒரு படி கடினம். போக மட்டுமே ஆறு முதல் ஒன்பது மாதம். ஏற்ற நேரம் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வாய்க்கும். வானொலி அலை ஒருவழியில் போய்ச்சேரவே, இரு கோள்களும் நிற்கும் இடத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். அங்கே ஒருவருக்குக் குடல்வால் வீங்கினால், பூமியிலுள்ள மருத்துவரிடம் கேட்டுப் பதில் பெற முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். ககன்யானுக்குச் செய்யும் தப்பிக்கும் அமைப்பு எதுவும் அங்கே உதவாது. வழியில் கெட்டுப்போனதை வழியிலேயே பழுது பார்க்க வேண்டும்.

உணவையும் இங்கிருந்து முழுவதும் சுமக்க முடியாது. வளர்த்துத்தான் ஆக வேண்டும். சுக்லா தம்மோடு பச்சைப்பயறும் வெந்தயமும் கொண்டுபோய் அங்கே முளைக்கவைத்துப் பார்த்தார். அந்த விதைகளைப் பூமியில் அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு வளர்த்து, மரபிலும் சத்திலும் மாற்றம் ஏதும் உண்டா என்று ஆராய்வது அந்தச் சோதனையின் அடுத்த கட்டம்.