போடி மலையில் மவுன்டன் பைக்: எங்கே ஓட்டலாம், எங்கே ஓட்டக் கூடாது?

சென்னை சென்ட்ரலில் இரவு ரயில் ஏறினால் மறுநாள் காலை போடிநாயக்கனூர். வாரத்துக்கு 3 நாள் இந்த ரயில் ஓடுகிறது. மீட்டர்கேஜ் பாதையை அகலப்படுத்துவதற்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட போடி ரயில், 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே மேற்குத் தொடர்ச்சி மலை கண் முன்னே நிற்கும். கியர் சைக்கிள் வைத்திருக்கும் ஐ.டி. இளைஞர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதனால்தான் வார இறுதி சைக்கிள் குழுக்களின் வாட்ஸ்அப்பில் போடி, குரங்கணி, கொழுக்குமலை, டாப் ஸ்டேஷன் ஆகிய பெயர்கள் அடிக்கடி வலம் வருகின்றன. ஸ்ட்ராவா போன்ற செயலிகளைத் திறந்தால் காட்டுக்குள் கோடுகளும் தெரியும். யாரோ ஏற்கெனவே போய் வந்திருக்கிறார்கள், நாமும் போகலாம் என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒருவர் அந்த வழியாகப் போனார் என்பதற்குத்தான் அந்தக் கோடு சாட்சி. அவர் அனுமதி வாங்கினாரா, எந்த மாதத்தில் போனார், வழியில் என்ன பார்த்தார் என்பதெல்லாம் அதில் இருக்காது.

17 வளைவுகள்: போடிமெட்டு சாலை

முதலில், எந்தத் தடையும் இல்லாத வழி. கொச்சியிலிருந்து மூணாறு, போடி, தேனி, மதுரை வழியாகக் கிழக்கே போகும் தேசிய நெடுஞ்சாலை 85-ல்தான் போடிமெட்டு மலைப்பாதை வருகிறது. போடியிலிருந்து மெட்டுக்குச் சுமார் 26 கி.மீ. அடிவாரத்தில் முந்தல் செக்போஸ்ட், அதற்கு மேல் 17 கொண்டை ஊசி வளைவுகள், வழியில் மழைக்காலத்தில் கொட்டும் புலியூத்து அருவி. உச்சிக்குப் போய்ச் சேரும்போது 1,000 மீட்டருக்கு மேல் ஏறியிருப்பீர்கள். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 4 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். பயப்படும் அளவுக்குச் செங்குத்து இல்லை. ஆனால் எங்கும் சமதரையும் இல்லை. பழக்கம் உள்ளவருக்கே இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கும்.

இந்தச் சாலையின் உண்மையான சொந்தக்காரர்கள் சுற்றுலாப் பயணிகள் இல்லை. இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் கூலி வேலைக்குப் போகும் தொழிலாளர்கள். விடிவதற்கு முன்பே போடியிலிருந்து ஜீப்கள் ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். நேரத்துக்குத் தோட்டம் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம், வளைவுகளில் நன்றாகவே தெரியும். மாலையில் அதே ஜீப்கள் அதே வேகத்தில் இறங்கும். பச்சை ஏலக்காய் உலர்ந்து, தரம் பிரித்து, போடியில் உள்ள ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்தில் விலை போவதெல்லாம் இந்த ஓட்டத்தை நம்பித்தான். ஆகவே காலை ஜீப்கள் ஏறி முடித்த பிறகு புறப்பட்டு, மாலை ஜீப்கள் இறங்கும் முன் கீழே வந்துவிடுவது நல்லது. வெயில் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

இன்னொன்று, பருவம். இந்தச் சரிவு கிழக்கு நோக்கியது. கேரளாவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது போடியில் காற்றுதான் அடிக்கும். ஆடிக்காற்றில் எதிர்த்து மிதித்தவர்களுக்கு அது தெரியும். இங்கே கனமழை ஐப்பசி, கார்த்திகையில். அப்போது மண் சரிந்து, பாறை உருண்டு, போக்குவரத்து நின்றுபோவது புதிதல்ல. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரைதான் சைக்கிளுக்கு ஏற்ற காலம்.

இறக்கத்தில் என்ன ஆகும்?

ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சும்மா வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ எடை உள்ள ஒருவர் 1,000 மீட்டர் கீழே இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 8 லட்சம் ஜூல். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். இதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க பிரேக்கில் சூடாக இறங்கும்.

பழைய ரிம் பிரேக் சைக்கிளில் அந்தச் சூடு நேராகச் சக்கரத்தின் விளிம்புக்குப் போகும். டியூப் வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. டிஸ்க் பிரேக் பரவாயில்லை என்றாலும், பிடித்தபடியே இறங்கினால் அதுவும் ஒரு கட்டத்தில் பிடிமானத்தை இழக்கும். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைப்பது, நேர்ப்பாதையில் முழுதாக விட்டுவிடுவது, நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுவது – இவ்வளவுதான் சூத்திரம். பிரேக் பேட் தேய்ந்திருந்தால் போடியிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். மேலே கடை கிடையாது.

மெட்டுக்கு அந்தப் பக்கம் யானை

மெட்டைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, அங்கிருந்து சின்னக்கானல், சூரியநெல்லி. போடிமெட்டு – மூணாறு இடையிலான 42 கி.மீ. சாலை அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. சாலை அருமை. ஆனால் சுற்றிலும் யானைகள் நடமாடும் இடம்.

அரிக்கொம்பனை மறந்திருக்க மாட்டீர்கள். ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்ற அந்தக் கொம்பன் யானை சுற்றித் திரிந்தது சின்னக்கானலில்தான். 2023 ஏப்ரல் 29 அன்று அங்கே மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது கம்பம் நகருக்குள்ளேயே வந்து நின்றது. ஜூன் 5-ல் தமிழ்நாடு வனத்துறை மறுபடி பிடித்து, களக்காடு – முண்டந்துறைப் பகுதிக்குக் கொண்டுபோனது. ஒரு யானைதான் போனது; மற்றவை அங்கேயே இருக்கின்றன.

இதில் சைக்கிள்காரர்கள் யோசிக்காத ஒரு விஷயம் உண்டு. ஜீப்பின் இரைச்சல் யானைக்கு முன்கூட்டியே ஒரு தகவல். சைக்கிள் சத்தம் போடாது. வளைவு திரும்பியதும் யானையும் நீங்களும் ஒரே நேரத்தில் திடுக்கிடுவீர்கள். அந்தப் பகுதியில் விடிகாலையும் அந்தி நேரமும் சைக்கிளுக்கு உகந்தவை அல்ல. ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுவது சுத்த முட்டாள்தனம்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் கல் பாதையைப் பார்த்தால் மவுன்டன் பைக்குக்கென்றே போட்டது போலிருக்கும். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப்பாதை கேரளம் வழியாகத்தான். அது தேயிலை எஸ்டேட்டுகளுக்குள் போகும் வழி. ஜீப்களுக்கே கட்டுப்பாடு உண்டு. கேட்காமல் நுழைய முடியாது.

குரங்கணி: கண்ணுக்குத் தெரியும், கால் வைக்க முடியாத பாதை

போடியிலிருந்து குரங்கணிக்குச் சுமார் 16 கி.மீ. தார்ச் சாலை, கொட்டகுடி ஆற்றை ஒட்டிப் போகும். மாந்தோப்பு, தென்னை, இலவ மரங்கள். மெல்லிய ஏற்றம். புதிதாக மலைப்பக்கம் சைக்கிள் ஓட்ட வருபவர்கள் போடிமெட்டை விட்டுவிட்டு இங்கே தொடங்குவதே புத்திசாலித்தனம்.

சாலை குரங்கணியோடு முடியும். பாதை முடியாது. முட்டம், முதுவாக்குடி, சென்ட்ரல் வழியாக டாப் ஸ்டேஷன் வரை அது ஏறும். நூறாண்டுகளுக்கு முன் இது தேயிலை வழி. மூணாறு தேயிலை குண்டளை பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வரும். 1902-ல் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-ல் சிறு ரயிலாக மாறிய பாதை அது. அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியில் போடிக்கு. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. பிறகு அதைக் கட்டவேயில்லை. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் என்று காட்டுக்குள் ஸ்டேஷன் பெயர்கள் இருப்பது இதனால்தான். மலைக் கிராம மக்கள் இன்றும் காப்பி, மிளகு மூட்டைகளைக் குதிரையில் ஏற்றி இறக்குவதும், சாலை கேட்டு மனு கொடுப்பதும் இதே பாதைக்காக.

சரிவு, திருப்பம், நிழல், வரலாறு எல்லாம் சேர்ந்த பாதை. தென்னிந்தியாவின் சிறந்த மவுன்டன் பைக் வழிகளில் ஒன்றாக இது ஆகியிருக்கலாம். ஆகாததற்குக் காரணம், சுற்றியிருப்பது காப்புக்காடு என்பது. அனுமதியின்றி உள்ளே போவது 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். நடந்து போனாலும் சரி, சைக்கிளில் போனாலும் சரி.

சட்டத்தைவிட அழுத்தமான காரணம் 2018 மார்ச் 11. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த மலையேற்றக் குழுவினர் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினார்கள். சிகிச்சையில் இருந்தவர்களும் அடுத்தடுத்து இறக்க, பலி 23 ஆனது. பெரும்பாலும் இளைஞர்கள், அதில் பலர் பெண்கள். இந்தக் கட்டுரையைப் படிக்கும் வயதுக்காரர்கள்.

அன்று அவர்களால் ஏன் தப்ப முடியவில்லை என்பது சைக்கிள் ஓட்டிகளும் தெரிந்துகொள்ள வேண்டியது. மார்ச்சில் அந்தச் சரிவு முழுக்க ஆளுயரத்துக்குக் காய்ந்த புல். சமதரையில் தீ ஒரு வேகத்தில் போகும். சரிவில் சுடர் மேல்நோக்கிச் சாய்ந்து, எதிரே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. மேலே ஓடி மனிதனால் ஜெயிக்க முடியாது. 14 கிலோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினால் கேட்கவே வேண்டாம்.

அனுமதி வாங்கினால் விடுவார்களா?

நடப்பவர்களுக்கு இப்போது வழி இருக்கிறது. தீ விபத்துக்குப் பிறகு 2018-லேயே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகள் திறக்கப்பட்டன. ஆன்லைனில் பதிவு, கூடவே உள்ளூர் வழிகாட்டி. தேனி மாவட்டத்தில் குரங்கணி – சாம்பலாறு பாதை அதில் ஒன்று. பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை, தீ பயத்தால் மூடிவிடுவார்கள்.

இவையெல்லாம் கால்நடையாகப் போவதற்கான பாதைகள். சைக்கிளோடு போய் நின்றால் டிக்கெட் காட்டினாலும் செல்லாது.

பிரான்சில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். அங்கே சைக்கிள் சம்மேளனமே உள்ளூர் நிர்வாகங்களோடு சேர்ந்து மவுன்டன் பைக் வழிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது. ஒரு முக்கோணம், இரண்டு வட்டம் – இந்தச் சின்னம் மரத்திலும் கம்பத்திலும் இருந்தால் சைக்கிள் வழி. பச்சை என்றால் எளிது. நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் கூடும். காடும் குளமும் நிறைந்த கிராமப்புறங்களிலும் அந்த வண்ணத்தைப் பின்பற்றி வெளியூர்க்காரர் தைரியமாக ஓட்டலாம். அங்கே யானை இல்லை, புலி இல்லை. அப்படியே காப்பியடிக்க முடியாது. ஆனால் எது சைக்கிள் வழி, எது இல்லை என்பதைத் தரையிலேயே எழுதிவைப்பதற்கு யானை தடையில்லை. 40 பாதைகளை வகைப்படுத்த முடிந்த வனத்துறைக்கு, குரங்கணி அடிவாரத்தில் ஐந்தாறு கி.மீ. நீளத்துக்கு, வழிகாட்டியோடு, நாளுக்கு இத்தனை பேர் என்று ஒரு சைக்கிள் பாதையை வெள்ளோட்டம் பார்ப்பது பெரிய வேலை இல்லை. முதுவாக்குடி இளைஞர்களுக்கு வேலையும் கிடைக்கும். அதுவரை ‘ஸ்ட்ராவாவில் இருக்கே’ என்று செக்போஸ்ட்டில் வாதாடிப் பயனில்லை.

கண்மாய்க் கரை மிச்சமிருக்கிறது

மலை ஆசை தீராதவர்கள்கூட ஒரு நாளைக் கீழே செலவழிக்கலாம். போடியைச் சுற்றி மீனாட்சியம்மன் கண்மாய், பங்காருசாமி கண்மாய் போன்ற நீர்நிலைகள் இருக்கின்றன. இவை வனத்துறையின் கையில் இல்லை. மழை முடிந்த கையோடு தை மாதத்தில் போனால் தண்ணீரும் கொக்கும் நாரையும், பின்னணியில் முழு மலைத்தொடரும். கரை மண் பாதை, நடுநடுவே மேடு பள்ளம். மவுன்டன் பைக்கின் சஸ்பென்ஷனுக்கு உண்மையில் வேலை கிடைப்பது இங்கேதான். ஈரமாக இருக்கும்போது கரையில் ஏற வேண்டாம். டயர் தடத்தில் தண்ணீர் வழிந்து கரை அரித்தால் பாதிப்பு ஆயக்கட்டு விவசாயிக்கு. எதிரே மாடு வந்தால் நீங்கள் இறங்கி நில்லுங்கள்.

ஒரே தொல்லை சீமைக்கருவேல முள். ஒரு சுற்றில் இரண்டு பஞ்சர் சாதாரணம். டியூப்லெஸ் டயரில் சீலன்ட் ஊற்றி வந்தால் பிழைத்தீர்கள். இல்லாவிட்டால் உங்கள் சக்கர அளவுக்குப் பொருந்தும் டியூப் இரண்டு, ஒட்டுவதற்குப் பேட்ச், ஒரு கைப்பம்பு. முள்ளைப் பிடுங்காமல் புது டியூப் போடாதீர்கள். டயரின் உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.