ஷூட் முடிஞ்சு டிரெஸ் கடைக்குத் திரும்புமா? எல்லாம் அந்த டேக்கின் கையில்!

ஃபோட்டோஷூட் என்றதும் கேமரா, லைட், லொக்கேஷன், மேக்கப் எல்லாம் உடனே நினைவுக்கு வரும். சட்டைக் காலரில் தொங்கும் டேக் யாருக்கும் நினைவுக்கு வராது. மறுநாள் உடையைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது கவுன்டரில் கேட்பார்கள்: "டேக் எங்கங்க?" அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஃபோட்டோகிராஃபர் இல்லை, மாடலும் இல்லை. உடைகளைக் கொண்டுவந்த ஸ்டைலிஸ்ட்தான். அவருக்கு ஒரு அசிஸ்டன்ட் இருந்தால் பழி இன்னும் ஒரு படி கீழே இறங்கிவிடும். தினக்கூலிக்கு வந்தவர், பத்து நாள் கூலிக்குச் சமமான விலையுள்ள பிளேசரைத் தன் காசில் வாங்கிக்கொள்ள வேண்டிய நிலைகூட வரலாம்.

இது விளம்பரத் துறையில் இருப்பவர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. ப்ரீ வெட்டிங் ஷூட், இன்ஸ்டாகிராமில் துணி விற்கும் சின்ன பொட்டிக், லிங்க்ட்இன் புரொஃபைல் படம் என்று நாம் எல்லோருமே ஏதோ ஒரு கட்டத்தில் நமக்கு நாமே ஸ்டைலிஸ்ட் ஆகிவிடுகிறோம். அதனால் இந்த டேக், லேபிள் விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

முதலில், உடை யாருடையது?

சொந்த உடை, வாடகை உடை என்றால் பெரிய சிக்கல் இல்லை. கடையிலோ டிசைனரிடமோ இரவல் வாங்குவதில்தான் கவனம் தேவை. ஸ்டைலிஸ்ட்டுகள் இதை 'சோர்ஸிங்' என்பார்கள். லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், டெபாசிட், எந்தெந்த உடை என்ன நிலையில் வாங்கப்பட்டது என்ற பட்டியல், திருப்பித் தரும் தேதி. இவ்வளவும் எழுத்தில் இருந்தால் நல்லது. டேக்கைக் கழற்றலாமா, கூடாதா என்பதையும் அதிலேயே ஒரு வரி எழுதி வாங்கிவிட வேண்டும். பலர் கேட்காமல் விடுவது இந்த ஒரு வரியைத்தான்.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. காசு கொடுத்து வாங்கி, ஷூட்டில் போட்டுவிட்டு, "சைஸ் சரியில்லை"ன்னு திருப்பிக் கொடுப்பது. சில்லறை வணிகத்தில் இதற்கு 'வார்ட்ரோபிங்' என்று பெயரே இருக்கிறது. திருப்பித் தருவதில் நடக்கும் மோசடிகளில் ஒன்றாகத்தான் இதைக் கணக்கில் வைக்கிறார்கள். சில ஆன்லைன் கடைகள் உடையின் முன்பக்கத்திலேயே பெரிய டேக் ஒன்றை மாட்டி, 'இதைக் கழற்றினால் ரிட்டர்ன் கிடையாது' என்று அச்சடித்து அனுப்புவதற்குக் காரணம் இதுதான். பட்ஜெட் இல்லாத சின்ன டீம்களின் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் கடைக்காரரிடம் நேரடியாகக் கேட்டால், இன்ஸ்டாகிராமில் கிரெடிட் கொடுப்பதற்கு ஈடாக இரவல் தரச் சம்மதிக்கும் சின்னக் கடைகள் இருக்கவே இருக்கின்றன. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

தொங்கும் டேக்: கத்தரிக்கு முன் கேமரா

உடையில் இரண்டு வகைச் சீட்டு இருக்கும். ஒன்று விலை, சைஸ், பார்கோடு அச்சடித்துத் தொங்கவிட்ட அட்டை டேக். இன்னொன்று உள்ளே தைத்திருக்கும் துணி லேபிள். முதலாவதைக் கடை விற்பனைக்காக மாட்டுகிறது. இரண்டாவது, உடை கிழியும் வரை அதோடேயே இருக்க வேண்டியது. இரண்டையும் ஒரே கத்தரியால் அணுகினால் வம்புதான்.

உடை கைக்கு வந்ததும் டேக்கின் முன்பக்கம், பின்பக்கம், அது எந்த இடத்தில் எப்படிக் கோத்திருக்கிறது என்று மூன்று படம் மொபைலில் எடுத்துவிடுங்கள். முப்பது உடை இருக்கும் ஷூட்டில், இரவு பதினோரு மணிக்கு எந்த டேக் எந்த உடைக்கு என்று குழம்பி நிற்கும்போது அந்தப் படங்கள்தான் காப்பாற்றும்.

கழற்றாமல் சமாளிக்க முடிந்தால் அதுதான் சிறந்த வழி. பிடரிப் பக்கம் தொங்கும் டேக்கை உள்ளே திருப்பி, சின்ன ஊக்கால் லைனிங்கிலோ லேபிளிலோ குத்திவிடலாம். காட்டன் உடை என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் பேப்பர் டேப் போதும். பசை அவ்வளவாக ஒட்டாது. பட்டு, சாட்டின், வெல்வெட் மூன்றிலும் டேப் பக்கமே போகக் கூடாது. மெல்லிய துணியில் ஊக்கு குத்திய துளைகூடத் தெரியும். அங்கே தையல் விளிம்பைத்தான் தேட வேண்டும்.

கழற்றியே தீர வேண்டும் என்றால், மாட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள். ஊக்கிலோ நூல் முடிச்சிலோ இருந்தால் சுலபம். அவிழ்த்து, மறுபடி அதேபோல் மாட்டலாம். இரு முனையிலும் குறுக்குக் குச்சி உள்ள பிளாஸ்டிக் இழை என்றால் வெட்டத்தான் வேண்டும். மறுபடி மாட்ட 'டேக்கிங் கன்' வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாதனம். அதில் தடித்த ஊசி, மெல்லிய ஊசி என்று இரண்டு ரகம் உண்டு. பட்டுக்கும் பின்னலாடைக்கும் மெல்லியதுதான். குத்தும் இடம் தையல் ஓரமாகவோ லேபிள் மடிப்பாகவோ இருக்கட்டும். துணியின் நடுவில் குத்தினால் ஓட்டை நிரந்தரம்.

பிராண்ட் பெயர் பொறித்த பிளாஸ்டிக் சீலோடு வரும் கயிறுதான் வில்லன். ஒரு முறை அறுத்தால் மறுபடி சேராது. அதை அறுக்கும் முன் கடையின் அனுமதி வேண்டும். டேக்கிங் கன் கையில் இருக்கிறது என்பதற்காகக் கடைக்குத் தெரியாமல் கழற்றி மாட்டுவது, மேலே சொன்ன குறுக்கு வழியின் இன்னொரு முகம்தான்.

கடையில் பில் போடும்போது எடுக்க மறந்த திருட்டுத் தடுப்பு டேக்கோடு ஷூட்டுக்கு வந்துவிட்டால்? நெம்பிப் பார்க்காதீர்கள். சிலவற்றில் மைக்குப்பி இருக்கும். உடைந்தால் உடை காலி. கடையை விட்டு வெளியே வரும் முன் ஒவ்வொரு உடையையும் தடவிப் பார்த்துவிடுவது ஒரு நிமிட வேலை.

உள்ளே தைத்த லேபிள்

வெள்ளைச் சட்டையில், அதுவும் பின்னாலிருந்து லைட் விழும்போது, கழுத்து லேபிள் கறுப்புச் சதுரமாக அப்படியே தெரியும். ஃபோட்டோஷாப்பில் அழிக்கலாம்தான். ஒரு படத்தில் இரண்டு நிமிடம். அதையே எண்பது படத்துக்குச் செய்தால் எடிட்டரின் ஒரு பாதி நாள் போய்விடும். சொந்த உடை என்றால் சீம் ரிப்பரால் லேபிளின் தையலை மட்டும் பிரித்து எடுத்து, ஷூட் முடிந்ததும் மறுபடி தைத்துக்கொள்ளலாம். இரவல் உடையில் அதைத் தொடவே கூடாது. தோல் நிறத்தில் மெல்லிய துணி ஒன்றை உள்ளே வைத்து மறைக்கலாம், அல்லது லைட்டை நகர்த்தச் சொல்லலாம். (இப்போது நிறைய டி-ஷர்ட்களில் லேபிளே தைப்பதில்லை. கழுத்தின் உட்புறத்தில் நேரடியாக அச்சடித்துவிடுகிறார்கள். ஸ்டைலிஸ்ட்டுகளுக்கு வரம்!)

எடுக்க வேண்டிய லேபிளை எடுக்காமல் விடும் கதையும் உண்டு. புது கோட் வாங்கினால் இடது கையின் மணிக்கட்டுப் பக்கம் பிராண்ட் பெயரோடு ஒரு சின்னத் துணி தைத்திருக்கும். அது கடையில் தொங்கும்போது பார்ப்பதற்காக, லேசான தையலில் போட்டது. போடும் முன் பிரித்துவிட வேண்டும். கோட்டின் பின்புறப் பிளவில் பெருக்கல் குறி போல் இருக்கும் நூலும் அப்படித்தான். அது கசங்காமல் இருப்பதற்காகப் போட்டது, டிசைன் இல்லை. கல்யாண ரிசப்ஷன் படங்களை ஒரு முறை ஜூம் செய்து பாருங்கள், நான் சொல்வது புரியும். முதல் வேலைக்காக எடுக்கும் புரொஃபைல் படத்தில் இது இருந்தால் உறுத்தும்.

எல்லா வெளித் தையலையும் பிரித்துவிடவும் கூடாது. 1988ல் தொடங்கிய மேசோன் மார்ஜெலா என்ற ஃபேஷன் நிறுவனம், பெயரே இல்லாத வெள்ளைத் துணியை லேபிளாக வைத்து, அதன் நான்கு மூலைத் தையலும் உடைக்கு வெளியே தெரியும்படி விட்டது. அந்த நான்கு தையல்தான் அதன் அடையாளம். ஆர்வக் கோளாறில் பிரித்தால் அவ்வளவுதான்.

இஸ்திரிக்கு முன் படிக்க வேண்டியது

பக்கவாட்டுத் தையலில் இருக்கும் பராமரிப்பு லேபிளை ஷூட் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. அதில் உள்ள குறியீடுகள், பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்டு 1963ல் தொடங்கிய ஜினெடெக்ஸ் அமைப்பிடமிருந்து வந்தவை; ஐஎஸ்ஓ 3758 என்ற சர்வதேசத் தரமாகவும் இருக்கின்றன. தொட்டி என்றால் துவைப்பது, முக்கோணம் என்றால் ப்ளீச், சதுரம் என்றால் உலர்த்துவது, வட்டம் என்றால் ட்ரை கிளீன் போன்ற கடைச் சலவை. எதன் மீதாவது பெருக்கல் குறி இருந்தால் அது கூடாது.

நமக்கு முக்கியம் இஸ்திரிப் பெட்டிப் படம். உள்ளே ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. லினன் சட்டைக்கு வைத்த மூன்று புள்ளிச் சூட்டை, அடுத்ததாக வரும் பாலியஸ்டர் டாப்பில் வைத்தால் பளபளவென்று தழும்பு விழும். குறைந்த புள்ளி உடைகளில் தொடங்கி, சூட்டை ஏற்றிக்கொண்டே போவது பாதுகாப்பு. ஸ்டீமர் இருந்தால் இன்னும் நல்லது; ஆனால் பெட்டிக்குக் கீழே உள்ள ஆவிக் கோடுகள் அடிக்கப்பட்டிருந்தால் அதுவும் வேண்டாம்.

பட்டுப் புடவை தனிக் கதை

பட்டுப் புடவையோடு வரும் 'சில்க் மார்க்' டேக்கை வெறும் விலைச்சீட்டு என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004ல் வந்த முத்திரை அது. இது சுத்தப் பட்டு என்பதற்கான சாட்சி, ஹாலோகிராமோடு இருக்கும். அது தொலைந்தால் புடவை மாறாது, ஆனால் அடுத்து வாங்குபவருக்கு நம்பிக்கை மாறிவிடும். கைத்தறி முத்திரைக்கும் இதே கதைதான். புடவையில் நேரடியாக ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைச் சரக்கென்று உரித்தால் இழை கிளம்பும். மடிப்பின் உள்ளே போகும்படி கட்டிவிடுவது மேல்.

வெளியே தெரியும் லோகோ

லேபிள் எப்போதும் உள்ளேயே இருந்ததில்லை. டென்னிஸ் வீரர் ரெனே லாகோஸ்ட் 1933ல் தொடங்கிய நிறுவனம் முதலையைச் சட்டையின் மார்பில் வைத்தது. லீவைஸ் 1936ல் ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் சிவப்புத் துணித் துண்டைச் செருகியது, தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக.

அந்தத் தூரப் பார்வைதான் ஷூட்டில் தலைவலி. ஒரு வங்கி விளம்பரத்தில் நடிப்பவர் வேறொரு நிறுவனத்தின் லோகோ போட்ட டி-ஷர்ட்டில் வந்தால், வங்கியின் லீகல் டீம் படத்தைத் திருப்பி அனுப்பும். ஷட்டர்ஸ்டாக் போன்ற தளங்களில், வணிகப் பயன்பாட்டுக்கான படத்தில் லோகோ தெரிந்தால் நிராகரிப்பார்கள். எழுத்து மட்டும் இல்லை, அடிடாஸின் மூன்று கோடும் டிரேட்மார்க்தான். லூபுட்டான் காலணியின் சிவப்பு அடிப்பாகம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன விஷயம். வீட்டு ஆல்பத்துக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை.

ஆனால் கேட்டலாக் ஷூட்டில் எல்லாம் தலைகீழ். ஆளில்லாமல் உடை மட்டும் நிற்பது போலத் தெரியும் 'கோஸ்ட் மேனிக்வின்' படங்களில், பின்கழுத்தின் உட்பகுதியைத் தனியாகப் படமெடுத்து ஒட்டுவார்கள். அங்கே லேபிள் தெரிந்தாக வேண்டும். நேராக, கசங்காமல், நூல் பிசிறு இல்லாமல். அதனால் காலையில் ஸ்டைலிஸ்ட் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்தப் படம் எங்கே போகுது?"

இன்ஸ்டாகிராமுக்குத்தான் போகிறது, உடையும் இலவசமாக வந்தது என்றால், லேபிளை மறைக்கிறீர்களோ இல்லையோ, தொடர்பை மறைக்கக் கூடாது. இந்திய விளம்பரத் தர கவுன்சிலின் 2021 வழிகாட்டுதலும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்டதும், இலவசமாக வந்த பொருளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன.

பேக்கப்

ஷூட் முடிந்ததும் எல்லோரும் குரூப் செல்ஃபி எடுக்கும் நேரத்தில்தான் பாதி டேக் தொலைகிறது. கழற்றும் டேக்கை ஜிப் கவரில் போட்டு, அந்தக் கவரை அதே உடையின் ஹேங்கரில் மாட்டிவிடும் பழக்கம் இருந்தால் தேட வேண்டியதில்லை. காலரில் ஃபவுண்டேஷன் கறை, அக்குளில் வியர்வை, செருப்பின் அடியில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். செருப்பின் அடியில் காலையிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால் அந்தக் கவலை இருக்காது. கறை இருந்தால் மறைத்து மடிக்காமல் அன்றைக்கே கடைக்கு போன் செய்வது நல்லது. ட்ரை கிளீன் செலவோடு முடிய வாய்ப்பு உண்டு. அந்தச் செலவு யாருடையது, தயாரிப்புத் தரப்பா, ஸ்டைலிஸ்ட்டா என்பதை ஷூட்டுக்கு முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவையுங்கள். அசிஸ்டன்ட்டாக வேலைக்குப் போகிறவர்கள் முக்கியமாக.