காய்கறி யார் வாங்கறது: கோச்சா, ஜெனரல் மேனேஜரா?

இன்னைக்கு அமெரிக்கன் ஃபுட்பால். மைதானத்துக்குள்ள நடக்கறது இல்ல, ஆபீஸ்ல நடக்கறது.

ஒரு என்எஃப்எல் டீம்ல ஓனருக்குக் கீழ ரெண்டு பெரிய நாற்காலி. ஹெட் கோச்சோட வேலை ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சை ஜெயிக்கறது. டிராஃப்ட்ல யாரை எடுக்கறது, யாருக்கு எவ்வளவு சம்பளம், யாரை டிரேட் பண்றதுங்கறது ஜெனரல் மேனேஜரோட வேலை. சேலரி கேப்னு ஒரு உச்சவரம்பு இருக்கு. அதனால இன்னைக்கு ஒருத்தருக்கு அள்ளிக் குடுத்தா, அதோட பில் ரெண்டு மூணு வருஷம் கழிச்சும் வந்துட்டே இருக்கும்.

1997ல பேட்ரியட்ஸை விட்டுப் போனப்போ பில் பார்செல்ஸ் சொன்னதோட சாரம் இது: சமைக்கறது நான்னா, காய்கறி வாங்கவும் என்னைக் கொஞ்சம் விடணும். கேக்க நியாயமாத்தான் இருக்கு, இல்ல? நானும் ரொம்ப நாள் அந்தக் கட்சிதான். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் கதையைப் படிச்சப்புறம்தான் மாறினேன்.

2015 ஜனவரியில ஓனர் ஜெஃப்ரி லூரி, வீரர்களைத் தேர்ந்தெடுக்கற அதிகாரத்தைக் கோச் சிப் கெல்லி கையில குடுத்தாரு. ஜெனரல் மேனேஜரா இருந்த ஹோவி ரோஸ்மன் ஓரங்கட்டப்பட்டாரு. கெல்லி உடனே ஆட்டத்தை ஆரம்பிச்சாரு. 2013ல லீக்லயே அதிக ரஷிங் யார்டு எடுத்த லெஷான் மெக்காயை பஃபலோவுக்கு அனுப்பி, கிகோ அலோன்சோவை வாங்கினாரு. குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸோட அடுத்த வருஷ ரெண்டாவது ரவுண்ட் பிக்கையும் சேத்துக் குடுத்து, சாம் பிராட்ஃபோர்டை எடுத்தாரு. டிமார்கோ மர்ரே, பைரன் மேக்ஸ்வெல்னு பெரிய ஒப்பந்தங்கள் வேற. முந்தின ரெண்டு சீசனும் 10-6 எடுத்த டீம், 6-9ல நின்னப்போ அவர் வேலை போச்சு. சீசன் முடிய ஒரு மேட்ச்தான் பாக்கி.

கெல்லி விவரம் தெரியாதவர் இல்ல. தோத்தா முதல்ல போறது கோச்தான். அப்போ அவருக்கு அடுத்த வருஷ டிராஃப்ட் பிக்ங்கறது ஊரான் வீட்டு நெய் மாதிரி.

இது எனக்குப் பழகின வலி. நான் வேலை பார்த்த ஒரு இடத்துல, ராத்திரி சர்வர் விழுந்தா எழுப்பி விடற அதே ஆள்தான் அடுத்த வருஷ டிசைனையும் முடிவு பண்ணுவாரு. நல்ல மனுஷன். ஆனா எல்லா முடிவும் இன்னைக்கு ராத்திரி தூங்கறதுக்கான முடிவு. ரெண்டு வருஷத்துல மொத்தத்தையும் நாங்க திரும்ப எழுதினோம்.

ஈகிள்ஸ்ல ரோஸ்மன் திரும்ப வந்தாரு. 2016லயே மர்ரே, மேக்ஸ்வெல், அலோன்சோ மூணு பேரையும் வெளிய அனுப்பினாரு. 2018 பிப்ரவரியில, டக் பீடர்சன் கோச்சா இருந்தப்போ, பேட்ரியட்ஸை 41-33ன்னு ஜெயிச்சு சூப்பர் பௌல். அன்னைக்கு எம்விபி யாரு தெரியுமா? கெல்லி அனுப்பின அதே ஃபோல்ஸ், பேக்கப்பா திரும்ப வந்து! 2025 பிப்ரவரியில சீஃப்ஸை 40-22ன்னு அடிச்சாங்க. அப்போ கோச் நிக் சிரியானி, குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ். ஜெனரல் மேனேஜர் மட்டும் அதே ரோஸ்மன்.

“பில் பெலிசிக் ரெண்டையும் பாத்து ஆறு சூப்பர் பௌல் ஜெயிக்கலையா?”ன்னு கேப்பீங்க. ஜெயிச்சாரு. ஆனா டாம் பிரேடி போனப்புறம் நாலு சீசன்ல ஒண்ணுலதான் தோல்வியை விட வெற்றி அதிகம். கடைசி சீசன் 4-13. அப்படி ஒரு குவார்ட்டர்பேக் கிடைப்பாருன்னு நம்பி யாரும் ஆபீஸை அமைக்க முடியாது.

என் டிசைன் இதுதான். எந்த மாதிரி கார்னர்பேக் வேணும்னு கோச் சொல்லணும். அந்த மாதிரில யாரு, என்ன விலைக்குங்கறது ஜெனரல் மேனேஜர் முடிவு. களத்துல யார் இறங்கறதுன்னு கோச் சொன்னா, அதுல மேனேஜர் வாயே திறக்கக்கூடாது. பஞ்சாயத்து வந்தா ஓனர், ஆனா அவரும் டிராஃப்ட் அன்னைக்கு வந்து பேரை மாத்தக்கூடாது. பார்செல்ஸ் கோவிச்சுக்கிட்டதுக்குக் காரணமே அந்த மாதிரி ஒரு தலையீடுதான்.

ஒவ்வொரு ஜனவரியும் நாலஞ்சு டீமாவது கோச்சை மாத்தும். அடுத்த தடவை புது கோச் யாருன்னு பாக்கறதோட நிறுத்தாதீங்க. 53 பேர் லிஸ்ட்ல கடைசி வார்த்தை யாரோடதுன்னும் தேடிப் பாருங்க.