உங்களுக்குத் தெரியுமா? நம் மண்ணில் ஓடிப் பழகிய சந்திர ஊர்தி

2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி மாலை, உடையார்பாளையத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குத் தென்வானிலே வளர்பிறைச் சந்திரன் நிற்கும் வேளையில், அதன் தென்துருவத்தை அடுத்த பிரதேசத்தில் அப்போதுதான் சூரியோதயம் ஆகியிருக்க, 2019இல் சந்திரனில் இறங்குகையில் கடைசி நிமிஷங்களில் நொறுங்கிப்போன முந்தைய கலத்தை மறவாத தேசம் கவலையோடு காத்திருக்க, மனித ஹஸ்தத்தின் உதவி சிறிதுமின்றித் தன் வேகத்தைத் தானே தணித்துக்கொண்டு, சுமார் 19 நிமிஷங்களில் இறங்கி, 6.04 மணிக்கு சந்திரயான்-3இன் விக்ரம் கலம் தரை தொட்டது. சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் நம் தமிழ்நாட்டு விழுப்புரத்தவர் என்பதில் நாம் அடையும் ஆனந்தம் நியாயமானதே.

அதினும் விசேஷம் ஒன்றுண்டு. சந்திரனின் மேட்டுநிலத்து மண்ணை ஒத்த அனார்த்தசைட் என்னும் வெளிர்நிறப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைப்பதால், அதனை மாவுபோல் பொடித்துப் பரப்பி, ஆறு சக்கர ஊர்தியை அதன்மேல் ஓட்டி, சக்கரம் புதைகிறதா, வழுக்குகிறதா என்று விஞ்ஞானிகள் முன்னமே பரீட்சித்திருந்தார்கள்.

விக்ரமிலிருந்து சந்திரனில் இறங்கிய, 26 கிலோ எடையுள்ள பிரக்யான் என்னும் அந்த ஊர்தி, விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் ஊர்ந்து, சுமார் 100 மீட்டர் சென்று, நின்ற இடத்திலேயே இன்றும் இருக்கிறது.