கடல் கடக்கும் முந்திரிக்கொத்து

கொட்டாரம் என்றால் அரண்மனை என்று பொருள். நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது இந்த ஊர். துபாயிலோ சிங்கப்பூரிலோ பிள்ளை இருக்கும் வீடுகள் இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. "இங்கே எல்லாம் கடையில் கிடைக்கும்மா, ஒண்ணும் அனுப்ப வேண்டாம்" என்று போனில் பிள்ளை சொல்வான். "சரி, மக்களே" என்பாள் தாய். அன்று மாலையே அடுப்பில் சிறுபயறு வறுபடும்!

ஏன் சிறுபயறு? முந்திரிக்கொத்துக்குத்தான், சகோதரிகளே! பெயரில்தான் முந்திரி, உள்ளே முந்திரிப் பருப்பு ஒன்றுகூடக் கிடையாது. வறுத்துத் திரித்த பயற்று மாவு, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலம், சுக்கு எல்லாவற்றையும் வெல்லப் பாகில் சேர்த்து உருட்டி, அரிசி மாவுக் கரைசலில் தோய்த்து, மூன்று மூன்றாக எண்ணெயில் விட்டால் கொத்தாக ஒட்டிக்கொண்டு பொரியும். நாஞ்சில் நாட்டில் இது இல்லாத கல்யாண வீடு உண்டா?

தூர தேசத்துக்கு அனுப்பும் பட்சணத்துக்கு முதல் சத்துரு ஈரம். தேங்காயை நன்றாகச் சிவக்க வறுக்காவிட்டால் முந்திரிக்கொத்து வழியிலேயே பூத்துப் போகும். ஏத்தங்காய் சிப்ஸுக்கு இந்தப் பயம் குறைவு. எண்ணெயில் அதன் ஈரம் வற்றிவிடுகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் பூரிதக் கொழுப்பு. ஆகையால் அது லேசில் காறல் வாடை அடிக்காது. எதையும் சூடு முழுவதும் ஆறிய பிறகே கட்டுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, மொறுமொறுப்பு போய்விடும். மட்டிப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததென்னவோ உண்மை. அதற்காக அதைப் பார்சலில் வைத்துவிடாதீர்கள். பழத்துக்கு அத்தனை பொறுமை கிடையாது. பல தேசங்கள் அதை உள்ளே விடுவதும் இல்லை.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். குருமாவுக்கு ஆகட்டும் என்று ஒரு பொட்டலம் கசகசாவை உள்ளே செருகி விடாதீர்கள்! அது அபினிச் செடியின் விதை. ஐக்கிய அரபு நாடுகளிலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். தாயின் அன்பு பிள்ளையைப் போலீஸ் வாசலில் நிறுத்தக்கூடாதல்லவா? கொப்பரையும் ஆகாது. அதில் எண்ணெய் மிகுதி. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்களோடு விமானச் சரக்கு விதிகளில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினால், தின்பண்டம் இருப்பதைச் சுங்கத் தாளில் ஒளிக்காமல் எழுதச் சொல்லுங்கள். ஒளித்தால்தான் அபராதம். தபாலில் அனுப்பினாலும் பொருள், எடை, மதிப்பு மூன்றையும் ஒழுங்காக எழுதவேண்டும்.

"பண்டத்தின் விலையைவிடப் பார்சல் கூலி அதிகமாயிற்றே!" என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பார். கணக்குப்படி அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்த டின்னைத் திறக்கும் பிள்ளை கூலியையா எண்ணப் போகிறான்? பக்கத்து அறை நண்பனுக்கு ஒன்றைக் கொடுத்து, "எங்க ஊர்ப் பலகாரம்" என்று சொல்லும்போது அவன் குரலில் ஒரு பெருமை இருக்கும். அதற்கு ரசீது கிடையாது.

ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். அங்கே பிறந்த பேரக் குழந்தைக்கு முந்திரிக்கொத்து என்பது பாட்டி அனுப்புகிற டின்தான். பாட்டியின் கை ஓய்ந்தால் டின்னும் நின்றுபோகும். ஆகவே அடுத்த முறை பார்சலில் ஒரு காகிதமும் வையுங்கள். எத்தனை ஆழாக்குப் பயறு, எவ்வளவு வெல்லம், பாகுக்கு என்ன பதம் என்று உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள். மகள்தான் என்றில்லை, மகனும் செய்யட்டுமே! முதல் தடவை கொத்து உதிர்ந்து எண்ணெயில் கரைந்தால் போனில் உங்களைத்தான் கூப்பிடுவான். அந்தப் பேச்சுக்குச் சுங்கமும் இல்லை, எடையும் இல்லை.