வெள்ளிக் காசில் உள்நாட்டுப் போர்

தமிழில் ‘நாணயம்’ என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் உண்டு. இவ்விரண்டும் எவ்வாறு பிரியக்கூடும் என்பதை உரோமானியக் குடியரசின் இறுதிக்கால வெள்ளிக் காசுகள் நன்கு விளக்குகின்றன.

டெனாரியஸ் எனப்படும் அக்காசு கி.மு. 211 அளவில், கார்த்தேஜுடன் நடந்த போரின்போது தோன்றியது. எடை ஏறத்தாழ 4 கிராம். வெள்ளி வில்லையை இரு அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடித்தால் இருபுறமும் உருவம் பதியும். தெய்வங்களையும் மறைந்த முன்னோரையும் பொறிப்பதே வழக்கம். உயிரோடிருப்பவர் முகத்தைப் பொறிப்பது மன்னர்களின் வழக்கம் என்று கருதப்பட்டது. மன்னரை விரட்டிக் குடியரசு கண்டவர்கள் அல்லவா உரோமர்!

கி.மு. 49-இல் ஜூலியஸ் சீசர் தம் படையுடன் ரூபிகான் ஆற்றைக் கடந்தார்; உள்நாட்டுப் போர் மூண்டது. படைவீரருக்குச் சம்பளம் வேண்டுமே! உரோம் நகரின் சாட்டர்ன் கோயிலிலிருந்த அரசுக் கருவூலத்தை அவர் கைப்பற்றினார். அவர் வெளியிட்ட காசில் யானை ஒன்று பாம்பை மிதிக்கின்றது. அடியில் சீசரின் பெயர். செய்தித்தாள் இல்லாத அக்காலத்தில், சம்பளத்தோடு தலைவனின் செய்தியும் வீரன் கையில் சேர்ந்தது. கி.மு. 44-இல் சீசரின் முகமே காசில் ஏறியது. அவ்வாண்டு மார்ச் 15 அன்று அவர் குத்திக் கொல்லப்பட்டார்.

கொன்றோருள் ஒருவரான புரூட்டஸ் கி.மு. 43-42 அளவில் ஒரு காசு வெளியிட்டார். அதில் இரு குத்துவாள்கள். நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி. கீழே அந்த மார்ச் நாளின் பெயர். காசைத் திருப்பினால் காண்பது புரூட்டஸின் முகம்! மன்னனாக முயன்றவர் என்று சீசரை வீழ்த்தியவர், மன்னரின் வழக்கத்தைத் தாமே கைக்கொண்டார்.

கி.மு. 32-31-இல் மார்க் ஆன்டனி தம் படைகளுக்காக அடித்த காசுகளில் ஒருபுறம் போர்க்கப்பல். மறுபுறம் கழுகுச் சின்னமும் படைப்பிரிவின் எண்ணும். வெள்ளியில் செம்பு கூடுதலாகக் கலந்திருந்தது. கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் தோற்ற ஆன்டனி, மறு ஆண்டே மாண்டார். அவர் காசுகளோ இருநூறு ஆண்டுகளுக்கு மேல் புழங்கின! ஒரே மதிப்புடைய இரு காசுகள் கையிலிருந்தால், நல்லதைப் பூட்டி வைத்து மட்டமானதைச் செலவிடுவது மனித இயல்பு. உருக்கினாலும் ஆதாயமில்லாத காசு உலைக்குத் தப்பியது.

இவை தலைவர்கள் சொன்ன கதைகள். மக்களின் கதை மண்ணுக்குள் இருக்கிறது. இத்தாலியில் உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளைச் சேர்ந்த காசுப் புதையல்கள் மிகுதி என்பதை ஆய்வாளர் மைக்கேல் கிராஃபோர்டு எடுத்துக்காட்டினார். அஞ்சிய காலத்தில் சேமிப்பைப் புதைப்பது எங்கும் உள்ள வழக்கம். புதைத்தவர் உயிரோடு திரும்பியிருந்தால் தோண்டி எடுத்திருப்பார். நமக்கு அவை கிடைத்திரா. அருங்காட்சியகத்தில் அக்காசுகளைக் காணும்போது, அவற்றில் முகம் பதியாத அம்மக்களையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.